உள்ளே விட்டுத் தைத்த ஒரு இஞ்ச்

மூன்று வருடங்களுக்கு முன்னால், எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்த சமயம். புதுச்சேரியில் உழவர்கரைப் பக்கம் எங்கள் வீடு. நான் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். தை மாதம் முகூர்த்தம். முகூர்த்தப் புடவைக்கான பிளவுஸை டவுனில் ஒரு அக்காவிடம் தைக்கக் கொடுத்திருந்தேன். முஸ்லிம் குடும்பங்கள் அதிகம் உள்ள தெருவில், வீட்டின் முன்னறையையே கடையாக வைத்திருந்தார். ஆரி எம்பிராய்டரி வேலைக்கு அவரை விட்டால் ஆளில்லை என்று எங்கள் பள்ளி டீச்சர்களில் பாதிப் பேர் அங்கேதான் கொடுப்பார்கள்.

அளவு கொடுத்து ஒரு மாதம் கழித்துப் போனேன். போட்டுப் பார்த்தால் பிளவுஸ் தொளதொளவென்று தொங்கியது. எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில்தான் இருக்கும். "இவ்வளவு காசு வாங்கிட்டு அளவுகூட ஒழுங்கா எடுக்கத் தெரியாதா?" என்று, வேறு இரண்டு பேர் நிற்கும்போதே கத்திவிட்டேன்.

அந்த அக்கா நோட்டை எடுத்து என் பக்கத்தைத் திறந்து வைத்தார். டேப்பை எடுத்து மறுபடி அளந்தார். மார்பில் இரண்டு இஞ்ச் குறைவு, கையில் ஒரு இஞ்சுக்கு மேல் குறைவு. "நான் எடுத்த அளவு மாறாதும்மா. நீதான் மாறியிருக்கே" என்றார்.

அதைக் கேட்டு எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ராத்திரி சோறு கிடையாது, தினம் சாயங்காலம் பீச்சில் நடை என்று அக்காவிடம் பெருமையடித்தேன். பார்க்கிறவர்கள் எல்லாரும் அப்போது என்னைப் பாராட்டிக்கொண்டிருந்தார்கள். சித்தி பெண் என்ன டயட் என்று கேட்டு எழுதிக்கொண்டாள். கல்யாணம் செய்துகொள்ளப் போகிறவரும் வீடியோ காலில், "இப்படியே இரு, சூப்பரா இருக்கே" என்று சொல்லியிருந்தார்.

அக்கா என் பேச்சைக் காதில் வாங்கவில்லை. மெஷின் மேல் இருந்த தண்ணீர் பாட்டிலையே பார்த்தார். நான் வந்த அரை மணி நேரத்தில் அந்த ஒரு லிட்டரையும் குடித்துத் தீர்த்திருந்தேன். இரண்டு தடவை அவர் வீட்டு பாத்ரூமுக்கும் போய்வந்திருந்தேன். "சண்டைய அப்புறம் வச்சுக்கலாம். மொதல்ல போய் சுகர் டெஸ்ட் எடு" என்றார்.

இருபத்தாறு வயசுப் பெண்ணிடம், அதுவும் கல்யாணப் பெண்ணிடம் சொல்கிற பேச்சா இது? டயட்டில் இளைத்ததைப் போய் நோய் என்கிறாரே என்று பற்றிக்கொண்டு வந்தது. இப்போது எடுத்த அளவுக்கே பிடித்து வையுங்கள் என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டில் அந்த அக்கா மாதிரியே பேசிக் காட்டினேன். அம்மாவும் என்னோடு சேர்ந்து அவரைத் திட்டினார்.

நாலாம் நாள், ஏழாம் வகுப்பில் பின்னத்தைப் போர்டில் எழுதிக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்தேன். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். சர்க்கரை ஐந்நூறைத் தாண்டியிருந்தது. இது டைப் ஒன், உடம்பில் இன்சுலினே சுரக்கவில்லை, இனி ஆயுசுக்கும் ஊசிதான் என்றார் டாக்டர். சோற்றைக் குறைத்ததாலோ நடந்ததாலோ நான் இளைக்கவில்லை. உடம்பு தன்னையே தின்றுகொண்டிருந்திருக்கிறது.

கல்யாணத்துக்கு ஏழு வாரம் இருந்தது. அம்மா ஒரு நாள் முழுக்க அழுதார். மறுநாள் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து முடிவைச் சொன்னார். "கல்யாணம் முடியட்டும். அப்புறம் பக்குவமா சொல்லிக்கலாம். இப்போ சொன்னா நின்னுபோயிடும்." அப்பா இல்லாத வீடு. தனியாளாக நின்று எனக்கு இந்த வரனைப் பேசி முடித்தவர் அம்மா. நானும் தலையாட்டினேன். நியாயமாகச் சொன்னால், எனக்கும் அதுதான் வசதியாக இருந்தது.

அதன் பிறகு எங்கள் வீட்டில் திருட்டுத்தனம்தான். இன்சுலின் பேனாவை டிபன் பாக்ஸில் போட்டு, பிரிட்ஜில் தயிருக்குப் பின்னால் வைத்தோம். சொந்தக்காரர்கள் வந்தால் பாத்ரூமுக்குள் போய் ஊசி போட்டுக்கொள்வேன். பத்திரிகை வைக்கப் போன வீடுகளில் பாயசத்தை நீட்டுவார்கள். கல்யாணப் பெண் வேண்டாமென்று சொல்ல முடியுமா? வயிறு சரியில்லை என்று எத்தனை வீட்டில் சொன்னேனோ, எனக்கு அல்சர் என்றே ஒரு பேச்சு கிளம்பிவிட்டது.

இன்னொரு சங்கடமும் வந்தது. ஊசி போடப் போட, போன உடம்பு திரும்பி வந்தது. "கன்னம் வந்துடுச்சே, டயட்டை விட்டுட்டியா?" என்று கல்யாணம் செய்துகொள்ளப் போகிறவர் போனில் கிண்டல் செய்தார். அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. குறுகிய அளவுக்குப் பிடிக்கச் சொன்ன பிளவுஸ் வேறு கண் முன்னால் வந்து நின்றது. கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது நான் செய்த காரியத்தை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. இரண்டு நாள் ஊசியே போடவில்லை. போட்டுவிட்டேன் என்று அம்மாவிடம் பொய் சொன்னேன்.

மூன்றாம் நாள் காலை பிளவுஸ் வாங்கப் போனேன். அன்று கத்திய பிறகு அதுவரை அந்தப் பக்கமே தலைகாட்டவில்லை. உள்ளே நுழைந்ததும் மெஷின் மேலிருந்த பாட்டிலை எடுத்துக் குடித்தேன். பாதிக்கு மேல் இறங்கியதும் அக்கா எழுந்து வந்தார்.

"இன்னிக்கு ஊசி போட்டியா?" என்றார்.

பள்ளியில் நான் விழுந்ததை எங்கள் டீச்சர்கள் யாராவது சொல்லியிருக்கலாம், ஊசியைப் பற்றி நான் எதுவுமே சொல்லியிருக்கவில்லை. கையில் பாட்டிலோடு அப்படியே உட்கார்ந்து அழுதேன். அக்கா உள்ளே கூட்டிக்கொண்டு போய், சர்க்கரை பார்க்கும் மெஷினை எடுத்து என் விரலில் குத்திப் பார்த்தார். எண்ணைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். என் கைப்பையில் இருந்த இன்சுலின் பேனாவை எடுத்து ஊசி போட வைத்துவிட்டு, அம்மாவுக்குப் போன் செய்து டாக்டரிடம் கூட்டிப்போகச் சொன்னார். அந்த மெஷின் அவர் மகளுடையது. பதினோரு வயசு. ஏழு வயசிலிருந்து ஊசி போட்டுக்கொள்கிறாளாம். அந்தக் குழந்தையும் முதலில் இப்படித்தான் தண்ணீராகக் குடித்து, இப்படித்தான் இளைத்திருக்கிறாள்.

அம்மா வந்து சேருவதற்குள் பிளவுஸைக் கொண்டுவந்து போட்டுப் பார்க்கச் சொன்னார். பிடித்து வையுங்கள் என்று நான் அதிகாரமாகச் சொல்லிவிட்டுப் போனேன் அல்லவா, அக்கா அதில் கையே வைக்கவில்லை. முதலில் தைத்தபடியே மாட்டி வைத்திருந்தார். எனக்குக் கொஞ்சம்தான் தளர்வாக இருந்தது.

"மருந்து போட்டா உடம்பு திரும்பும்னு தெரியும். அதான் கை வைக்கல. இன்னும் அரை இஞ்ச் இருக்கு, ஒழுங்கா ஊசி போடு, பத்து நாள்ல நெறஞ்சிடும்" என்றவர், பிளவுஸைத் திருப்பி உள்பக்கத்தைக் காட்டினார். இரண்டு பக்கமும் ஒரு இஞ்ச் துணியை மடித்து விட்டிருந்தார். பின்னால் இன்னும் சதை போட்டால் பிரித்துக்கொள்ளவாம்.

அன்று கத்தியதற்கு மன்னிப்புக் கேட்க வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். அதற்குள் அவர், "மாப்ளைக்குச் சொல்லிட்டீங்கல்ல?" என்றார்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அக்கா டேப்பைச் சுற்றி வைத்தார். அப்புறம் ரொம்ப மெதுவாக, "அப்போ எம் பொண்ணையும் நாளைக்கு இப்படி மறச்சுத்தான் கட்டிக் குடுக்கணுமா?" என்று கேட்டார்.

அவர் புத்தி சொல்லவில்லை. நிஜமாகவே என்னிடம் கேட்டார். அந்தக் கேள்விக்கு ஆமாம் என்று சொல்ல என்னால் முடியவில்லை.

வெளியே வந்து ஸ்கூட்டர் பக்கத்தில் நின்று மாப்பிள்ளைக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். நோயை, மறைத்ததை, ஊசியை விட்டதை. "ம்... அப்புறம் பேசுறேன்" என்று வைத்துவிட்டார். அம்மா ஆட்டோவில் வந்து இறங்கியதும் அவரிடமும் சொன்னேன். நடுத்தெரு என்றும் பார்க்காமல் என்னை ஒரு அடி அடித்துவிட்டு, உடனே கட்டிக்கொண்டார். டாக்டரிடம் வாங்கிய திட்டு தனிக்கதை.

அன்று முழுக்கப் போன் வரவில்லை. கல்யாணம் நின்றுவிட்டது என்றே நானும் அம்மாவும் நினைத்தோம். மறுநாள் காலையில் கடலூரிலிருந்து அவரும் அவர் அம்மாவும் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார்கள். என் மாமியார் காபியைத் தொடவில்லை. "நோயப் பத்தி நான் ஒண்ணும் கேக்கல சம்பந்தி. எங்ககிட்ட மறைக்கணும்னு எப்படித் தோணுச்சு உங்களுக்கு?" என்று கேட்டார். அந்த வருத்தம் மாமியாருக்கு இன்றைக்கும் முழுசாகப் போகவில்லை. போகாததும் நியாயம்தான். அவர் பையன் மட்டும் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அந்த ஊசி எப்படிப் போடறதுன்னு காட்டு" என்றார். டிபன் பாக்ஸைத் திறந்து காட்டினேன். உன்னைக் கன்னம் வந்துவிட்டது என்று கிண்டல் செய்தேனே என்று அவர் கண் கலங்கினார்.

தையில் கல்யாணம் நடந்தது. பிளவுஸ் பிடித்துவைத்த மாதிரி பொருந்தியது. பால் பழம் கொடுக்கும்போது, "எத்தனை யூனிட் போட்டே?" என்று அவர் மேடையில் உரக்கக் கேட்டது கல்யாண வீடியோவில் மேளச் சத்தத்தையும் மீறிக் கேட்கும். முன் வரிசையில் தையல்கார அக்கா, பக்கத்தில் அவர் மகள். அவள் அதைக் கேட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

போன தை மாதம் பிளவுஸை எடுத்துக்கொண்டு போனேன். சதை போட்டிருந்தது. அக்கா உள்துணியைப் பிரித்துக் கொடுத்தார். இப்போதெல்லாம் நான் யாரிடமும் ஒளிப்பதில்லை. ஸ்டாஃப் ரூமில், பஸ்ஸில், கல்யாணப் பந்தியில் இலை முன்னால் என்று எங்கும் எல்லார் எதிரிலும்தான் ஊசி போட்டுக்கொள்கிறேன். யாராவது உற்றுப் பார்த்தால் எனக்குச் சர்க்கரை என்று நானே சொல்லிவிடுவேன். அப்படிச் சொல்கிற ஒவ்வொரு தடவையும், நாளைக்குக் கல்யாணப் பெண்ணாக நிற்கப் போகிற அந்தக் குழந்தைக்காக நானும் ஒரு இஞ்ச் துணியை உள்ளே விட்டு வைக்கிறேன் என்றுதான் நினைத்துக்கொள்கிறேன்.