மே மாதத்துச் சண்டாட்

சூசையண்ணையின் மூத்த மகள் காலையில் அழைத்தாள். டெனிஷும் தமிழும் கலந்தே கதைக்கிற பிள்ளை. "அங்கிள், ஃபார் போயிட்டார்," என்றாள். ஃபார் என்றால் அப்பா. வேலைக்குப் போகிற வழியில் காரை ஓரங்கட்டினேன். வெளியே ஏப்ரல் வெயில், சண்டாட் மீன் கரைப்பக்கம் வருகிற வெயில். வாற சனிக்கிழமை போவோம் என்று மனுசன் நேரமும் சொல்லி வைத்திருந்தார்.

அவருடைய அஞ்சலிக்கு வந்திருக்கிற உங்கள் எல்லோருக்கும் அவர் மீன் விசரர். மன்னாரில் பிறந்தவர்; இங்கே ரண்டர்ஸ் நகரத்துக் கதவுத் தொழிற்சாலையில் இருபது வருடம் என் பக்கத்து மேசை. ஆற்றை மறித்து உண்டாக்கிய தங்கே ஏரிக்கு என்னை முதன்முதலில் இழுத்துக்கொண்டு போன அன்று குளிரில் பல் கிட்டியது. "அண்ணை, இதுக்குள்ள மீன் இருக்கோ?" என்று கேட்டேன். "ஐசே, மீன் இருக்கு. நீர் வாயை மூடிக்கொண்டிரும்," என்றார். தூண்டிலில் கொளுவிய ரப்பர் மீனை அடியில் விட்டு, இரண்டு தரம் மெல்ல இழுத்து, பொறுக்க வேண்டும். "சண்டாட் கடிக்கிறது கைக்குத்தான் கேக்கும்" என்பார். எனக்கு அது கேட்க மூன்று வசந்தம் பிடித்தது.

டெனிஷ்காரர் சதையை மட்டும் சீவியெடுத்துத் தலையை எறிவதைப் பார்த்தால் அவருக்குப் பொறுக்காது. "ஐயோ, சொதியை எறியிறாங்களே!" என்று ஓடிப்போய்க் கேட்டு வாங்குவார். பிறகு ஒரு கிழவர் தலைகளைப் பையில் போட்டு அவருக்காகவே வைத்திருக்கத் தொடங்கினார். அவருடைய மனைவி ஜெயசீலி அக்கா தேங்காய்ப்பால் விட்டு வைக்கிற மீன்தலைச் சொதியை ஒருநாள் அந்தக் கிழவரும் வந்து, மூக்கைச் சிந்திச் சிந்திக் குடித்தார். அன்று நாங்கள் சிரித்த சிரிப்பெல்லாம் இப்போதும் காதில் இருக்கிறது.

இனிச் சொல்லப்போவதை அவர் இருக்கும்போதே சொல்லியிருக்க வேண்டும். எனக்குத் துணிவு வரவில்லை.

தவக்காலத்தில் ஆளாளுக்கு இறைச்சியை விடுவார்கள். சூசையண்ணை தூண்டிலையே விட்டுவிடுவார். ஒரு வருடம் உயிர்த்த ஞாயிறு ஏப்ரல் கடைசியில் வந்தது. நாங்கள் ஏரிக்குப் போகும்போது மே பிறந்துவிட்டது; மேயில் போனது அதுதான் முதல்முறை. கரையில் மீன்பிடித் தடை அறிவித்தல் பலகை. "வாசியும், நீர்தானே டெனிஷில் கெட்டிக்காரன்," என்றார். மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, "தடை ஏப்ரலோட முடிஞ்சுது அண்ணை," என்றேன். முடிந்தது வேறொரு மீனுக்கு. சண்டாட்டுக்கு மே முழுவதும் தடை. முட்டைக்குக் காவல் நிற்கிற காலம். கீழே எழுதியிருந்ததை நான் வாசிக்கவில்லை.

அரைமணித்தியாலத்தில் என் தூண்டிலில் பெரிய சண்டாட் ஒன்று விழுந்தது. அதைத் தூக்கிப் படம் எடுத்துக்கொண்டிருக்கும்போது மீன்பிடிப் பரிசோதகர் வந்தார். யாருடைய மீன் என்று கேட்டார். எங்கள் இருவரின் குடியுரிமை விண்ணப்பமும் அப்போது கந்தோரில் கிடந்தது. தண்டம் விழுந்தால் வருடக்கணக்கில் தள்ளிப்போகும் என்று இருவருக்கும் தெரியும். நான் பலகையைத் திரும்பிப் பார்த்தேன். சூசையண்ணை மீனை என் கையிலிருந்து வாங்கி, தன்னுடையது என்றார்.

திரும்பி வரும்போது, "ஏன் அண்ணை?" என்று அழுதேன். "எங்கட ஊரில வள்ளத்தை இறக்கினவன்தான் ஏறினவைக்குப் பொறுப்பு. உம்மைக் கூட்டிக்கொண்டு வந்தவன் நான். சீலிக்குச் சொல்லிப்போடாதையும், உம்மட வீட்டுப் படி ஏறமாட்டாள்," என்றார்.

எனக்குக் குடியுரிமை கிடைத்தது. அவருக்கு அந்தத் தண்டத்தால் பிந்தியது. அகதிப் பயணப் பத்திரத்தோடு ஊருக்குப் போக முடியாது. அந்தப் பிந்தலுக்குள் அவருடைய தாய் மன்னாரில் மோசம் போனார். செத்தவீட்டு வீடியோவை ரண்டர்ஸ் வீட்டில் இருந்து பார்த்தார். "மீன் விசரில பெத்த தாயின்ர முகம் பார்க்காமல் விட்ட மனுசன்" என்று ஜெயசீலி அக்கா என் முன்னாலேயே ஏசுவார். அவர் தலையைக் குனிந்துகொண்டு தேத்தண்ணி குடிப்பார். நானும் குடித்தேன். அடுத்த ஏப்ரலிலும் என்னைத்தான் கூப்பிட்டார்.

ஜெயசீலி அக்கா, அந்த மீனைப் பிடித்தவன் நான். பலகையைப் பிழையாக வாசித்தவனும் நான். என் வீட்டுப் படி நீங்கள் ஏறாவிட்டாலும் சரி, இனி அவரை ஏசாதையுங்கோ. அவருடைய நினைவாக என்ன வைத்திருக்கிறீங்கள் அங்கிள் என்று அவருடைய மூத்த மகள் கேட்டாள். என் மேசை லாச்சிக்குள் கிடக்கிற டெனிஷ் பாஸ்போட் அவருடையது, பிள்ளை. என் பெயர்தான் அதில் எழுதியிருக்கிறது.