கடைந்ததும் கடையில் வாங்கியதும்

என் அண்ணன் என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். எனக்குப் பேச்சு வந்த நாளிலிருந்து அவரிடம் "வாங்க, சொல்லுங்க"தான். வீட்டில் வேறு யாரிடமும் எனக்கு அவ்வளவு மரியாதை வந்ததில்லை. கோபம் மூக்கு நுனியில் என்று பெயர் வாங்கியவள் நான்.

அவர் காரைக்காலில் புது வீடு கட்டினார். மாடிப்படிக்கு மரக் கைப்பிடி. அது தொடங்குகிற இடத்தில் இடுப்புயரத்துக்கு ஒரு தூண், அதன் தலையில் உருண்டையாக ஒரு குமிழ். "நீயே கடைஞ்சு குடேன்" என்று அவராகத்தான் கேட்டார். கோவில்பத்தில் எங்கள் வீட்டுக் கொல்லைப்பக்கம் ஒரு சின்னக் கடைசல் இயந்திரம் வைத்திருக்கிறேன். மரம் சுழலும், உளியைக் காட்டினால் சுருள் சுருளாகச் சீவிக்கொண்டு வரும். போனில் வீடியோ பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டது. ஆபீஸ் விட்டு வந்து சேலையை மாற்றினால் அங்கேதான் நிற்பேன். கிண்ணம், மத்து, பூரிக்கட்டை என்று செய்து சொந்தக்காரர்களுக்குக் கொடுத்தால், பொழுது போகிறதா என்று கேட்பார்கள். கேட்டுக் கேட்டுப் புளித்துப் போயிருந்தது. ஆனால் இது படித்தூண். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் பிடித்துக்கொண்டு ஏறுவார்கள். யார் செய்தது என்று யாராவது கேட்பார்கள், "என் தங்கச்சி" என்று அண்ணன் சொல்வார். பொய் சொல்வானேன், அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் மூன்று வாரம் மரத்தூளைத் தின்றேன்.

பூவரசு மரம். என் இயந்திரத்தில் அவ்வளவு நீளம் நிற்காது என்பதால் இரண்டு துண்டாகக் கடைந்து பொருத்தினேன். வழவழவென்று விடவில்லை. காரைக்கால்மேட்டில் அலை பின்வாங்கியதும் மணலில் வரி வரியாக நிற்குமே, அது மாதிரி சுற்றிலும் வரி போட்டேன். பாதி வரி சுழலும்போது, மீதி இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கையால். கையால் போட்ட வரி ஒன்றுபோல் ஒன்று இருக்காது. அதுதான் எனக்குப் பிடித்தது.

பாலிஷில்தான் இழுபறி. எண்ணெய் தடவி விட்டுவிடலாம், விரல் வைத்தால் வரி தெரியும் என்பது என் கட்சி. அண்ணனுக்குப் பளபளவென்று வேண்டும். வரி போட்ட மரத்தில் அது லேசான வேலையில்லை. கனமாக அடித்தால் பாலிஷ் பள்ளத்தில் தேங்கி வரியெல்லாம் மூடிவிடும். இதை நான் போனில் விளக்கியபோது அவர் சொன்னார்:

"கடைஞ்சதா, கடையில வாங்குனதான்னு ஒருத்தருக்கும் தெரியக் கூடாது. அப்படி இருக்கணும், பாத்துக்க."

நான் சிரித்தேன். என் கைவேலைமேல் அவ்வளவு நம்பிக்கையா என்று குளிர்ந்து போனேன். மண்டு.

மிச்சத் துண்டில் பாதிக்கு எண்ணெய், பாதிக்கு பாலிஷ் என்று போட்டுப் பார்த்தேன். பாலிஷைத் தண்ணியாகக் கலந்து மெல்ல அடித்து, காயவிட்டு, மேட்டை மட்டும் உப்புத்தாளால் தேய்த்து, மறுபடி அடித்து, இப்படி ஐந்து தடவை. சும்மா சொல்லக் கூடாது, பளபளப்புதான் ஜெயித்தது. எண்ணெய்ப் பக்கம் காய்ந்த மணலாகக் கிடந்தது. பாலிஷ் பக்கத்தில் அலை இப்போதுதான் போயிருந்தது. ஜன்னல் வெளிச்சம் ஒவ்வொரு வரியிலும் தனித்தனியாக நின்றது. தூணுக்கும் அதையே போட்டேன். அண்ணனுக்குக் கண் இருக்கிறது என்று என் வீட்டுக்காரரிடம் பெருமை வேறு அடித்துக்கொண்டேன்.

புது வீட்டுக்குக் குடிபோன அன்று, சர்ச்சிலிருந்து பங்குச் சாமியார் வந்து செபம் சொல்லி வீட்டை மந்திரித்துவிட்டுப் போனதும் பந்தி தொடங்கியது. அண்ணன் ஆபீசில் வேலை பார்க்கிற ஒரு அம்மா மாடியைப் பார்க்க வந்தார். குமிழில் கை வைத்தவர் எடுக்கவேயில்லை. வரிகளை விரலால் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, இதை எங்கே செய்தீர்கள் என்று அண்ணனிடம் கேட்டார். நான் மூன்றாவது படியில் பாயசத் தட்டோடு நிற்கிறேன். நிமிர்ந்து நின்றேன்.

"பாண்டிச்சேரில ஒரு கடையில எடுத்தது" என்றார் அண்ணன்.

மறதியில் சொன்னார் என்றால் விட்டிருப்பேன். சொல்லும்போது அவர் கண் என்மேல்தான் இருந்தது. சொல்லி முடித்து வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். பாயசத்தை யாரிடம் கொடுத்தேன் என்று எனக்கு நினைவில்லை.

அடுப்படியில் வைத்துக் கேட்டேன், ஏன் அப்படிச் சொன்னீங்க என்று. அவர் குரலைத் தாழ்த்தினார், அவ்வளவுதான். முகத்தில் ஒரு வெட்கம் இல்லை.

"ஆபீஸ்காரங்க முன்னாடி, என் தங்கச்சி உளியப் புடிச்சிக்கிட்டு பட்டறையில நிக்கிறான்னு சொல்லச் சொல்றியா? கடையில வாங்குனதுன்னு நம்புறாங்கள்ல, உனக்கு அது பெருமைதான?"

அப்போதுதான் போனில் சொன்னது உறைத்தது. அவர் கேட்ட பளபளப்பு அழகுக்காக இல்லை. என் கை அதில் தெரியக் கூடாது என்பதற்காக. அது தெரியாமல் ஐந்து தடவை தேய்த்துத் தேய்த்து நானே என்னை அழித்துக் கொடுத்திருக்கிறேன். வேற்று ஆள் செய்திருந்தால் நாலு வார்த்தை கேட்டு ஆறியிருப்பேன். கூடப் பிறந்தவர் செய்தது ஆறவில்லை. சாப்பிடாமல் வண்டியை எடுத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன்.

பத்து நாள் கழித்து, ஒன்றுமே நடக்காத மாதிரி போன் செய்தார். அந்த அம்மாவும் வீடு கட்டுகிறார்களாம், அதே மாதிரி இரண்டு தூண் வேண்டுமாம். கடையில் சொல்லி வாங்கித் தருகிறேன் என்று இவர் வாக்குக் கொடுத்துவிட்டாராம். நான் செய்து வைத்தால் போதும், அண்ணனே வந்து எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்துவிடுவார். பளபளப்பு மட்டும் குறையக் கூடாது.

பாதி எண்ணெயும் பாதி பாலிஷுமாக அந்த மிச்சத் துண்டு என் எதிரில்தான் கிடந்தது.

"அந்தக் கடைய மூடிட்டாங்கன்னு சொல்லிடு" என்றேன்.

"சொல்லிடுங்க" இல்லை, "சொல்லிடு". "என்ன சொன்ன?" என்றார். அவருக்கும் கேட்டுவிட்டது.