அக்காவின் காலுக்கு ஒரு ஜோடி

1975 ஜூன், வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு சிட்னி சென்ட்ரலில் மெல்பர்ன் போகும் பகல் ரயிலில் ஏறினேன். தூரம் ஏறக்குறைய 960 கிலோமீட்டர். பதிமூன்று மணி நேரப் பயணம், ஒருவழிக் கட்டணம் 24 டாலர். ஊர் சுற்றிப் பார்க்க ஆசைப்பட்டு இதைப் படிக்கிறவர்கள் ஏமாந்துபோவார்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மெல்பர்னில் நான் பார்த்ததெல்லாம் செருப்புக் கடைகள்தான்.

என் அக்கா லலிதா அங்கே பள்ளியில் கணக்கு டீச்சர். நாற்பத்தாறு வயது, கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள். சர்க்கரை வியாதி. வலது பாதம் இரண்டு வருடமாக வீங்கியே இருக்கிறது, விரல்களில் உணர்ச்சி கிடையாது. போன மாதம் சுண்டுவிரல் ஓரத்தில் கறுக்க ஆரம்பித்தது. இந்தக் குளிர்காலம் முடியும்வரை பாதம் நனையக் கூடாது, இறுகக் கூடாது, கதகதப்பாக இருக்க வேண்டும், தவறினால் விரலை எடுக்க வேண்டி வரும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இதை அக்கா கடிதத்தில் நாலே வரியில் எழுதி, ஐந்தாவது வரியில் என் பையனின் பரீட்சை எப்படி என்று கேட்டிருந்தாள். அவள் சுபாவம் அப்படி.

கூடவே ஒரு தாளில் தன் பாதத்தைப் பென்சிலால் வரைந்து அனுப்பியிருந்தாள். அந்தத் தாளை வைத்துக்கொண்டு இரண்டு வாரம் அலைந்தேன். எங்கள் ஸ்ட்ராத்ஃபீல்டில் இரண்டு கடை, பாராமட்டாவில் ஐந்து, சிட்டியில் எத்தனை என்று நினைவில்லை. எல்லா இடத்திலும் அடுக்குக் குதிகால் வைத்த, முழங்கால்வரை ஜிப் போட்ட பூட்ஸ். அதுதான் இந்த வருட நாகரிகமாம். அந்தக் காலத்துப் பெண்கள் போட்ட மாதிரி, முன்பக்கம் முழுக்கத் திறந்து கயிறு கட்டுகிற, அகலமான பூட்ஸ் இருக்கிறதா என்று கேட்டால் கடைக்காரப் பெண்கள் என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். கடைசியில், காலே இல்லாமல் பூட்ஸ் தேடுவது பைத்தியக்காரத்தனம் என்று தோன்றி, நானே கிளம்பிவிட்டேன்.

கோல்பர்ன் தாண்டியதும் எதிர் இருக்கையில் கம்பளி பின்னிக்கொண்டிருந்த வெள்ளைக்கார அம்மாளிடம் அந்தத் தாளைக் காட்டினேன். எழுபது வயது இருக்கும். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"பூட்ஸ் மட்டும் போதாது. அதற்கு மேலே மாட்ட ரப்பர் ஓவர்ஷூ வேண்டும். என் அம்மா அது இல்லாமல் வெளியே கால் வைக்க மாட்டார்" என்றார். "புதுசாக இப்போது யார் செய்கிறார்கள். பிரன்ஸ்விக் பக்கம் பழைய சாமான் விற்கும் தருமக் கடைகள் இருக்கின்றன, அங்கே பாருங்கள்."

வாகா வாகாவில் அவர் இறங்கிப் போனார். அதற்குப் பிறகு ஜன்னலில் மழையும் நனைந்த ஆடுகளும்தான். மெல்பர்ன் ஸ்பென்சர் தெரு நிலையத்தில் இறங்கும்போது மணி ஒன்பதாகிவிட்டது. அக்கா கேன்வாஸ் ஷூவின் பக்கவாட்டைக் கத்திரியால் வெட்டிவிட்டு, மேலே பிளாஸ்டிக் பையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"என்னக்கா இது கோலம்?"

"ஸ்கூல்ல பசங்க சிரிக்கிறாங்க. நானும் கூடச் சேர்ந்து சிரிச்சுடறேன்" என்றாள்.

வெள்ளிக்கிழமை அவள் லீவு போட்டிருந்தாள். காலை ஒன்பதரைக்கு பர்க் தெருவில் ஆரம்பித்தோம். ஆறு டிகிரி குளிர், தூறல், எதிர்க்காற்று. மூன்று பெரிய கடைகளில் பதினொரு ஜோடி போட்டுப் பார்த்தாள். 32 டாலர் 95 சென்ட் பூட்ஸின் ஜிப் கணுக்காலைத் தாண்டவில்லை. விற்பனைப் பெண் மண்டியிட்டு அழுத்தித் தள்ளினாள். அக்காவுக்கு வலிக்காது என்பதால் அவளும் பேசாமல் இருந்தாள். கழற்றியபோது காலுறையில் ரத்தம். அந்தப் பெண் பயந்து எழுந்துவிட்டாள். விவசாயிகள் போடும் ரப்பர் கம்பூட்ஸையும் விடவில்லை. ஆண்கள் அளவில்தான் கால் நுழைந்தது, நடந்தால் உள்ளே வழுக்கிப் புண்ணை உரசியது.

மதியம் ஒரு டீக்கடையில் உட்கார்ந்தோம். அக்கா மேஜையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"போதும்டி. விரல் போனாப் போகுது. பத்துல ஒண்ணுதானே."

"சும்மா இரு. வாய்க்கு வந்ததைப் பேசாத" என்றேன். கோபமாகச் சொன்னேனே தவிர, எனக்கும் நம்பிக்கை போய்விட்டிருந்தது.

டிராமில் பிரன்ஸ்விக் போனோம், தலைக்கு இருபது சென்ட். சிட்னி ரோட்டில் மூன்றாவது தருமக் கடையில், பழைய தொப்பிகளுக்குக் கீழே, அது இருந்தது. கறுப்புத் தோல், கணுக்காலுக்கு ஒரு சாண் மேல்வரை உயரம், முன்பக்கம் அடிவரை திறக்கும் கயிறு, உள்ளே ஆட்டுக் கம்பளி. பக்கத்திலேயே அதற்கென்றே அமைந்த ரப்பர் ஓவர்ஷூ ஜோடி, பக்கவாட்டில் அழுத்துப் பொத்தான் வைத்தது. பூட்ஸ் நாலு டாலர், ஓவர்ஷூ ஒன்றரை டாலர்.

அக்கா உட்கார்ந்து காலை விட்டாள். போய்விட்டது. கயிற்றைத் தளர்வாகக் கட்டி, ஓவர்ஷூவை மாட்டி, கடையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள். பிறகு கதவைத் திறந்துகொண்டு வெளியே போய், நடைபாதையில் தேங்கிய தண்ணீரில் வேண்டுமென்றே நின்றாள். நின்றபடியே கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துச் சிரித்தாள். இரண்டு வருடத்தில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

காசை வாங்கிக்கொண்ட மூதாட்டி, "நல்ல கைக்குத்தான் போகிறது. மூன்று வாரத்துக்கு முன் ஒரு அம்மாள் தவறிவிட்டார், அவர் மகள் கொண்டுவந்து கொடுத்தாள். அவருக்கும் கால் வீக்கம்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. செத்தவள் காலில் கிடந்தது. அக்காவிடம் டிராமில் முணுமுணுத்தேன்.

"கால் இருந்தாத்தான்டி மடி, ஆசாரம் எல்லாம்" என்று சொல்லிவிட்டு அவள் தன் பாதங்களையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

அக்கா ஃபுட்ஸ்க்ரேயில் செல்வராணி அன்ரி என்ற யாழ்ப்பாணத்து அம்மாவின் வீட்டில் ஓர் அறை எடுத்திருக்கிறாள். அந்த அறையிலேயே கட்டில், ஹீட்டர், அலமாரிமேல் முருகன் படம், விளக்கு. வந்ததும் பூட்ஸைக் கழற்றி ஹீட்டர் பக்கத்தில் வைத்துவிட்டு, களைப்பில் அப்படியே தூங்கிப்போனாள். மணி ஆறுதான். நான் விளக்கேற்றினேன். முருகனுக்கு நேர் எதிரே அந்தப் பூட்ஸ். வெள்ளிக்கிழமையும் அதுவுமாய். முகம் தெரியாத ஒருத்தியின் சாவை வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்துவிட்டோமே என்று மனசு அடித்துக்கொண்டது. அக்காவின் நல்லதுக்குத்தான் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

சமையலறையில் மஞ்சள்தூள் எடுத்துத் தண்ணீரில் கரைத்து இரண்டு ஜோடியிலும் தெளித்தேன். ஓர் இரவு வாசலில் கிடந்தால் தோஷம் கழியும், காலையில் எடுத்துக்கொள்ளலாம். சாரல் படக் கூடாதே என்று, தபால் பெட்டியில் செருகியிருந்த பெரிய காகிதப் பை ஒன்றை எடுத்து, அதற்குள் போட்டு முன்படியில் வைத்தேன். பையில் என்னவோ அச்சடித்திருந்தது. நான் படிக்கவில்லை. எம்.ஏ. படித்தவள் நான்.

சனிக்கிழமை காலை எட்டேகாலுக்குப் பல் துலக்கிவிட்டு வாசலுக்குப் போனேன். படி வெறுமையாக இருந்தது. தெரு முழுக்கத் தேடினேன், பக்கத்து வீட்டு வேலியோரம்கூட. செல்வராணி அன்ரி வெளியே வந்தார்.

"என்ன பிள்ளை தேடுறீர்?"

"அக்காவோட பூட்ஸ், அன்ரி. ஒரு பையில போட்டு இங்க வச்சிருந்தேன்."

"எந்தப் பை? பெட்டியில கிடந்த கடதாசிப் பையோ?"

"ஆமா."

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "அது பழைய உடுப்பு, சப்பாத்து எல்லாம் தருமத்துக்குப் போட்டு வைக்கச் சொல்லித் தந்த பை எல்லோ. இண்டைக்கு லொறி வாற நாள். விடிய ஏழு மணிக்கே ஏத்திக்கொண்டு போட்டாங்கள்."

அன்ரி தொலைபேசியில் கேட்டார். சனிக்கிழமை, யாரும் எடுக்கவில்லை. நான் மட்டும் பிரன்ஸ்விக் ஓடினேன். அதே மூதாட்டி வருத்தப்பட்டார். லாரியெல்லாம் ஒரு பெரிய கிடங்குக்குப் போகும், அங்கிருந்து இருபது முப்பது கடைக்குப் பிரித்து அனுப்புவார்கள், எந்த ஊருக்கு எந்தப் பை என்று யாருக்கும் தெரியாது என்றார். வேறு ஜோடி இல்லை. பன்னிரண்டுக்குக் கடையைச் சாத்திவிட்டார்கள்.

திரும்பி வந்தபோது அக்கா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அன்ரி எல்லாம் சொல்லியிருந்தார்.

"ஏன்டி வெளியில வச்சே?"

"செத்தவ போட்டது, அக்கா."

அக்கா தன் பாதத்தைப் பார்த்தாள். பிறகு குரலை உயர்த்தாமல், "நான் சாகாம இருக்கத்தானே அதை வாங்கினோம்" என்றாள்.

அவள் என்னைக் கன்னத்தில் அறைந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை. மழை விடவேயில்லை. வர வேண்டாம் என்று கெஞ்சியும் கேட்காமல், வெட்டிய கேன்வாஸ் ஷூவும் பிளாஸ்டிக் பையுமாக நிலையத்துக்கு வந்தாள். நடைமேடையில் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அழாத. செருப்பு தொலைஞ்சா பீடை தொலைஞ்சுதுன்னு சொல்வாங்கல்ல. அப்படி நினைச்சுக்கோ."

"திங்கட்கிழமை லீவு போட்டுட்டு அந்தக் கிடங்குக்குப் போயேன்க்கா."

"பார்க்கிறேன்" என்றாள். போக மாட்டாள் என்று தெரியும். லீவு தீர்ந்துவிட்டது. திங்கட்கிழமை மதியம் மைதானத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் முறை அவளுடையது. ரயில் நகர்ந்தபோது அவள் எதிர்ப்பக்கம் திரும்பி நடந்தாள். என் காலில் கம்பளி வைத்த பூட்ஸ் இருந்தது, பொருத்தமாக, கதகதப்பாக. அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

சிட்னியில் தேடலை விடவில்லை. ஜூலையில் செவன் ஹில்ஸ்வரை போய் ஒரு ஜோடி பிடித்து, தபாலில் அனுப்பினேன். அது அங்கே போய்ச் சேர்ந்தபோது அக்கா ஆஸ்பத்திரியில் இருந்தாள். கடிதத்தை அன்ரிதான் எழுதினார், அக்கா சொல்லச் சொல்ல. சுண்டுவிரலையும் அடுத்த விரலையும் எடுத்தாயிற்று, வலி இல்லை, நீ மனசைப் போட்டு உழப்பிக்கொள்ளாதே, பையன் எத்தனை மார்க்.

நம் ஊரில் வாசலில் கிடக்கும் செருப்பை வைத்தே வீட்டில் எத்தனை பேர் என்று சொல்லிவிடலாம். எங்கள் ஸ்ட்ராத்ஃபீல்டு வீட்டிலும் அப்படித்தான் இருந்தது. இப்போது எல்லோருடைய செருப்பும் பூட்ஸும் உள்ளே, சாமி அலமாரிக்கு இரண்டடி தள்ளி, வரிசையாக இருக்கின்றன. முதல் நாள் என் கணவர் நின்று பார்த்துவிட்டு, "என்ன திடீர்னு?" என்று கேட்டார். உள்ளேயே இருக்கட்டும் என்று மட்டும் சொன்னேன். அக்காவின் இரண்டு விரல் போன பிறகு வந்த புத்தி என்று அவரிடம் எப்படிச் சொல்வது.