சிவந்த கருவாடு

எழுபதுகளில் ஒரு மழைக்காலம். கருவாட்டுப் பானையின் அடியில் கிடந்த சீலா மீன் துண்டுகள் சிவந்துபோயிருந்தன. அம்மா அவற்றைக் குப்பையில் கொட்டப்போனபோது நான் பாய்ந்து பிடுங்கிக்கொண்டேன்.

"ஏளா, ஒனக்குக் கிறுக்கா புடிச்சிருக்கு?"

கல்லூரியில் விலங்கியல் படித்துக்கொண்டிருந்த எனக்கு, உப்பிலேயே செழிக்கும் கிருமிதான் அந்தச் சிவப்பு என்று தெரியும். மதுரையில் நடந்த மாணவர் ஆய்வுப் போட்டிக்கு அதையே ஒரு தூக்குச்சட்டியில் எடுத்துக்கொண்டு தூத்துக்குடியில் பஸ் ஏறினேன். கண்டக்டர் என்னைக் கடைசி சீட்டுக்கு விரட்டினார்.

அரங்கில் தூக்குச்சட்டியைத் திறந்ததும் பக்கத்து மேசைக்காரர்கள் சார்ட்டுகளைச் சுருட்டிக்கொண்டு நகர்ந்தார்கள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. சோற்றோடு தின்னும்போது மட்டும் மணக்குமாக்கும்! நடுவர் மூக்கைப் பொத்தியபடி மைக்ராஸ்கோப்பில் குனிந்தார். குச்சி குச்சியாய் உயிர்கள் நீந்துவதைக் கண்டதும் மூக்கிலிருந்து கையை எடுத்துவிட்டார். நெடுநேரம் நிமிரவேயில்லை. இனி நுண்ணுயிரியல்தான் என் படிப்பு என்று அந்தக் குனிந்த தலையைப் பார்த்தபடியே முடிவு செய்தேன்.

இரண்டாம் பரிசுக் கோப்பையை அம்மா திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"ஏளா, கெட்டுப்போன கருவாட்டுக்கே ரெண்டாம் பரிசுன்னா, நல்ல கருவாடு கொண்டுபோயிருந்தா மொதப் பரிசுல்லா குடுத்திருப்பாவ!"