ஒரே மாதிரி இரண்டு லேப்டாப்

ஆஸ்பத்திரி மருந்தகத்தில் அவளுக்கு 'மறுபடி அக்கா' என்று பெயர். மருந்துச் சீட்டைப் படித்து, அலமாரியிலிருந்து அட்டையை எடுத்து, பெயரும் மில்லிகிராமும் சரியாகவே இருந்தாலும், "மறுபடி ஒரு தடவை பார்த்துடறேன்" என்று சீட்டைத் திரும்பக் கையில் எடுப்பாள். வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுப்பதை அவள் காதில் போட்டுக்கொள்வதில்லை. வீட்டிலும் இதே கதைதான். கதவைப் பூட்டி, இழுத்துப் பார்த்து, படி இறங்கியவள் பாதியில் திரும்ப ஏறுவாள். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் அவள் கணவர் கீழே வண்டியைக் கிளப்பி வைத்துக்கொண்டு, "அந்தப் பூட்டு உனக்குப் பயந்தே திறக்காது, வாம்மா" என்பார்.

அப்படிப்பட்டவள்தான் கீபோர்டு மேல் பேனா மூடி கிடந்ததைக் கவனிக்காமல் லேப்டாப்பை மூடிவிட்டாள். நறுக்கென்று ஒரு சின்னச் சத்தம். திறந்து பார்த்தால் திரையின் ஒரு பக்கம் மை கொட்டியது போல் கறுப்பு, மறுபக்கம் பச்சையும் ஊதாவுமாகக் கோடுகள். விரலால் தடவிப் பார்த்தாள். கீறல்கூட இல்லை. அணைத்துவிட்டால் கடையிலிருந்து வந்த அன்று இருந்தது போலவே இருந்தது. உடைந்ததெல்லாம் உள்ளே.

ரிப்பேர் கடைக்காரர் ஒரு வாரம் விட்டுவிட்டுப் போகச் சொன்னார். முன்பின் தெரியாதவர் மேசையில் தன் பொருளை அத்தனை நாள் விட்டுவைக்க அவளுக்கு மனம் வரவில்லை. வீட்டுக்கு வந்து போனில் வீடியோ பார்த்தாள். பார்த்ததையே மறுபடி பார்த்தாள். லேப்டாப்பின் அடியிலிருந்த மாடல் எண்ணைச் சரிபார்த்து, அதற்கேற்ற திரையை வரவழைத்தாள்.

"நானே மாத்திடறேன்" என்றாள்.

கணவரிடமும் அதே லேப்டாப்தான் இருந்தது. இரண்டையும் ஒரே நாளில், ஒரே கடையில், ஒரே சாம்பல் நிறத்தில் வாங்கியிருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை சாப்பாட்டு மேசையைத் துடைத்து, பழைய பேப்பரை விரித்து, அணைத்த லேப்டாப்பை அதன் மேல் வைத்தாள். ஸ்க்ரூ டிரைவர் வழக்கமான இடத்தில் இல்லை. வீட்டையே புரட்டிப்போட்டு, தையல் மெஷின் டிராயரில் கண்டுபிடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

அடி மூடியைக் கழற்றி முதலில் பேட்டரி இணைப்பைப் பிடுங்கினாள். திரையைச் சுற்றியிருந்த சட்டத்தைப் பழைய ஏடிஎம் கார்டால் நெம்பினாள். ஒவ்வொரு 'டக்'குக்கும் அவள் நெஞ்சும் சேர்ந்து 'டக்' என்றது. மூலைகளிலிருந்த ஸ்க்ரூக்களை எடுத்து, திரையை மெதுவாகக் கவிழ்த்து, பின்னால் ஒட்டியிருந்த டேப்பை உரித்து, ஒயரைக் கழற்றினாள். பழைய திரையின் எண்ணையும் புதியதன் எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். ஒன்றேதான். மறுபடி பார்த்தாள். பிறகுதான் புதியதை மாட்டி, பேட்டரியையும் இணைத்தாள்.

ஆன் செய்ததும் திரை கண்ணாடி போலத் தெளிவாக விரிந்தது. அதில் ஒரு சிவப்புக் கார் நின்றது.

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. அங்கே இருக்க வேண்டியது மகள் பட்டம் வாங்கிய படம். யாரோ பயன்படுத்திய திரையைத் தலையில் கட்டிவிட்டார்களா? அப்படியே இருந்தாலும் படம் திரையோடு சேர்ந்தா வரும்? தன் பாஸ்வேர்டைத் தட்டினாள். தப்பு என்றது. நிறுத்தி நிதானமாகத் தட்டினாள். அப்போதும் தப்பு.

"என்னங்க" என்று கூப்பிட்டாள்.

படுக்கையறையிலிருந்து கணவர் கையில் ஒரு லேப்டாப்போடு வந்தார். முகம் வெளிறியிருந்தது. "உன் கோடு எனக்கும் வந்துடுச்சும்மா" என்றார்.

அவர் கையிலிருந்த திரையில் அதே கறுப்பு, அதே பச்சை, அதே ஊதா.

"நேத்து ராத்திரி வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு. வைஃபை வழியா பரவுமோ?"

"இது என்ன ஜலதோஷமா, ஒட்டிக்கறதுக்கு?" என்றாள். சொன்னாளே தவிர, தன் முன்னால் இருந்ததைச் சற்றுத் தள்ளி வைத்துக்கொண்டாள்.

கோடுகளுக்குப் பின்னால் ஏதோ தெரிந்தது. கிட்டே போய்ப் பார்த்தாள். மகளின் பாதி முகம்.

"இது என்னோடதுங்க."

"அப்ப உன் முன்னாடி இருக்கறது?"

"உங்களோடது."

"என்னோடது எப்படி இங்க வந்துச்சு?" என்று கேட்டவர் பாதியிலேயே நின்றார். "நீ ஸ்க்ரூ டிரைவர் தேடிட்டு இருந்தப்ப நான் சாப்பிட உட்கார்ந்தேன். தட்டு வைக்க இடம் இல்லன்னு இதை எடுத்து சோபாவுல வெச்சேன். அங்க என்னோடதும் இருந்துச்சு. சாப்பிட்டதும் பொறுப்பா திருப்பி எடுத்து வெச்சுட்டேன்."

"எதை எடுத்து வெச்சீங்க?"

"கைக்கு வந்ததை."

அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவர் மேல் கோபப்படலாம் என்று பார்த்தாள், கோபம் வரவில்லை. மாடல் எண், திரை எண், ஒயர், ஸ்க்ரூ என்று எல்லாவற்றையும் பார்த்தவள், இது யாருடையது என்று ஒரு தடவைகூட ஆன் செய்து பார்க்கவில்லையே. மருந்தகத்து அலமாரியில் ஒன்றையொன்று ஒட்டி நிற்கும் வெள்ளை அட்டைகள் ஏனோ கண் முன்னால் வந்து போயின.

பேப்பர் மேல் கிடந்த திரையைக் காட்டி, "இப்ப இது நல்லதா, உடைஞ்சதா?" என்று கேட்டாள்.

"நல்லதுதான். புதுசு என்னோடதுல இருக்கு. என்னோட பழசு இங்க கிடக்கு. உடைஞ்சது இன்னும் உன்னோடதுலதான் இருக்கு. அப்ப இதைத் தூக்கி..." அவரும் குழம்பி நின்றார். "எதுல மாட்டணும்?"

அவள் எழுந்து போய் மருந்துப் பெட்டியிலிருந்து பிளாஸ்திரி எடுத்து வந்தாள். துண்டு துண்டாகக் கிழித்து 'அவர்', 'நான்', 'நல்லது' என்று எழுதி ஒவ்வொன்றிலும் ஒட்டினாள். பிறகு தன் லேப்டாப்பைக் கவிழ்த்துப் போட்டு, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். இந்தத் தடவை கை பழகியிருந்தது. ஆன் செய்ததும் மகள் முழு முகத்தோடு சிரித்தாள்.

"அப்ப புதுசு எனக்கா?" என்றார் கணவர்.

"கொஞ்ச நேரம் பேசாம இருங்க."

மாலையில் வெளியூரிலிருந்து மகள் போன் செய்தாள். "உங்க லேப்டாப் சரியாயிடுச்சாம்மா?"

"ஆயிடுச்சு. முதல்ல அப்பாவோட நல்ல லேப்டாப்பை ரிப்பேர் பண்ணினேன். அப்புறம் என்னோடதை."

"நல்லா இருந்ததை எதுக்கும்மா ரிப்பேர் பண்ணினீங்க?"

அவள் பதில் சொல்ல வாயெடுத்தாள். "இந்தா, அப்பாகிட்ட கேளு" என்று போனைக் கணவரிடம் நீட்டினாள்.