மடியில் வாங்காத பிள்ளை

எண்பதுகளில் ஒரு நாள், அழகர்கோவில் போகும் டவுன் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான் அவன். கட்டையான ஆள். உள்ளங்கைகள் தேய்த்துத் தேய்த்துத் தோலுரிந்து கிடந்தன. அப்போதும் வேட்டியில் துடைத்துக்கொண்டே வந்தான்.

கூட்டத்தில் நின்ற ஒரு பெண் வழக்கம்போல் தன் பிள்ளையை அவன் மடியில் வைக்க நீட்டினாள். அவன் சட்டென்று எழுந்து, "நீயே உக்காரு தாயி," என்றான்.

"பிள்ளைய வாங்குனா தேஞ்சா போயிருவ?" என்றார் கண்டக்டர். பஸ்ஸே சிரித்தது.

இருவரும் ஒரே நிறுத்தத்தில் இறங்கினோம். காரணம் கேட்டேன்.

"வடக்க அணுமின் நிலையத்துல காண்ட்ராக்ட் வேலண்ணே, லீவுல ஊருக்கு வந்திருக்கேன். வெளிய வரும்போது கையில கதிர்வீச்சுத் தூசி ஒட்டியிருக்கான்னு பாக்குற மிசின் கெட்டுக் கெடக்கு. சோப்பு போட்டுக் கழுவிட்டுப் போங்கங்கிறாக."

"புது மிசின்?"

"நான் சேந்ததுலருந்து வந்துக்கிட்டேதான் இருக்கு."

"பெறகு எதுக்குய்யா அங்க போற?"

"இங்க மழை எங்கண்ணே இருக்கு?"

அவன் மகள் ஓடி வந்து இடுப்பைக் கட்டிக்கொண்டாள். பையை இரு கைகளாலும் மார்போடு பிடித்தபடி நின்றான். கை இறங்கவே இல்லை.

அந்தக் கைகளில் ஒன்றுமே ஒட்டாமலும் இருந்திருக்கலாம். அதைச் சொல்ல வேண்டிய மிசினை வாங்காமல் கிடப்பில் போட்டவன், அன்று வீட்டுக்குப் போய்த் தன் பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சியிருப்பான்.