சங்கமித்ரா அக்காவின் லேப்டாப் பேசாத நாள்

அத்திப்பட்டில் சங்கமித்ரா அக்காவின் வீட்டில் திறந்த ஓட்டை என்று ஒன்றைக்கூடப் பார்க்க முடியாது. சாவித் துவாரத்தில் பஞ்சு இருக்கும். ரேடியோவின் முதுகில் துணி, கூரை சுவரோடு சேரும் இடத்தில் சாக்கு. அனல்மின் நிலையத்துச் சாம்பல் காற்றில் வந்து எதற்குள்ளும் புகுந்துவிடும் என்பதால் அந்தத் தெருவில் எல்லா வீடுமே அப்படித்தான். அடுப்பு பற்ற வைத்த தீக்குச்சியை அங்கே யாரும் தூக்கி எறிவதில்லை. எரிந்த குச்சிகளை டப்பாவில் சேர்த்து வைத்து, நுனியில் பஞ்சைச் சுற்றி, ஓட்டையின் அளவுக்கு அடைப்பான் செய்துகொள்வார்கள்.

இந்த வேலையில் அக்காவின் கணவர் லட்சுமணன் அண்ணன் தெருவிலேயே பெரிய ஆள். மின் நிலையத்தில் சாம்பல் அள்ளும் ஒப்பந்தக் கூலி அவர். "வெளிய கீறவனுக்கு இன்னா தெரியும்? வாயக் கட்டிகினு தான் வேல செய்யறோம், வூட்டுக்கு வந்து சோறு துன்னா பல்லு நறநறன்னுது" என்பார். பக்கத்து வீட்டு சாபிரா அக்காகூட புது மிக்ஸி வாங்கியபோது அண்ணனைத்தான் கூப்பிட்டு அடைப்பான் போட்டுக்கொண்டாராம்.

நான் காலடிப்பேட்டைக்காரன். கல்லூரியில் படித்துக்கொண்டே எங்கள் லினக்ஸ் குழுவில் சுற்றிக்கொண்டிருப்பவன். அக்கா எனக்குப் பழக்கமானது அந்த லேப்டாப்பால்தான்.

அக்கா பிறந்து வளர்ந்தது வியாசர்பாடி குடியிருப்பில். அவருடைய அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர், பௌத்தம் தழுவியவர், மகளுக்குத் தேடிப்பிடித்து வைத்த பெயர் அது. பள்ளியில் படிக்கும்போது ஒரு மூளைக்காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனபோது பார்வையும் போய்விட்டது. பார்வையற்றோர் பள்ளிக்குப் போய்ப் படித்து, தபாலில் பி.ஏ. முடித்து, ராயபுரம் ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு எஸ்.டி.டி. பூத்தில் உட்கார்ந்தார். யார் குரலையும் ஒருமுறை கேட்டால் மறக்க மாட்டார். அங்கே போன் பேச வந்தவர்தான் லட்சுமணன் அண்ணன். "பேச ஆளே இல்ல இவருக்கு, சும்மா டயல் பண்ணி ராங் நம்பர்னு வெச்சிருவாரு. எனுக்குத் தெரியாதுன்னு நெனப்பு" என்று அக்கா சொல்வார். அண்ணன் வெட்கப்பட்டுக்கொண்டு வெளியே போய்விடுவார்.

எல்லார் கையிலும் செல்போன் வந்தது. பூத்தை மூடிவிட்டார்கள். அதற்கப்புறம் அக்காவுக்கு வேலையே கிடைக்கவில்லை. டிகிரி இருக்கிறது, ஆங்கிலம் வரும், டைப்ரைட்டிங் ஹையர் பாஸ். கேட்ட இடத்திலெல்லாம் ஒரே பதில்: கம்ப்யூட்டர் பார்க்கத் தெரிய வேண்டும்.

ஒரு நிறுவனம் கழித்துப்போட்ட பழைய லேப்டாப் ஒன்று 2008இல் எங்கள் குழுவுக்கு வந்தது. வேலை தேடும் அக்காவைப் பற்றிக் கேள்விப்பட்டு, அதில் இலவச இயங்குதளமான லினக்ஸைப் போட்டு அவரிடம் கொண்டுபோனேன். விண்டோஸில் திரையைப் படித்துச் சொல்லும் மென்பொருளின் விலைக்கு இன்னும் இரண்டு லேப்டாப் வாங்கலாம். லினக்ஸில் அது கூடவே வருகிறது. எந்த விசையைத் தட்டினாலும், எங்கே போனாலும், திரையில் இருப்பதை ஸ்பீக்கரில் வாசித்துக்கொண்டே இருக்கும்.

முதல் நாள் அது பேசியதும் அக்கா ஸ்பீக்கரை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு, "இன்னா நைனா, ஜலதோஷம் புடிச்சவனக் கூட்டினு வந்துக்கிற" என்றார். குரல் அப்படித்தான், மூக்கடைத்த குரல். ஒரு மாதத்துக்குள் அதன் வேகத்தை ஏற்றி ஏற்றி, எனக்கு ஒரு வார்த்தையும் புரியாத அளவுக்குக் கொண்டுபோய்விட்டார். அந்த இரைச்சலைக் கேட்டுக்கொண்டே மெயில் எழுதினார், கணக்குத்தாள் போட்டார். நான் பிரமித்துப்போய்ப் பார்த்துக்கொண்டிருப்பேன். எனக்குக் கம்ப்யூட்டர் என்றால் திரை. அவருக்கு அந்த ஸ்பீக்கர்தான் கம்ப்யூட்டர், மிச்சமெல்லாம் வெறும் பெட்டி.

லட்சுமணன் அண்ணன் அந்தப் பெட்டியைக் குழந்தை மாதிரி பார்த்துக்கொண்டார். பழைய லுங்கியில் உறை தைத்தார். அதன் பக்கவாட்டில் இருக்கும் ஓட்டை ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அடைப்பான் செய்தார். வேலைக்குப் போகும் முன் அவரே எல்லாவற்றையும் உருவி வைத்துவிட்டுப் போவார், திரும்பி வந்ததும் அவரே அடைப்பார். வேறு யாரையும் செய்ய விடமாட்டார்.

அடுத்த வருஷம் ஒரு வேலைக்கு ஆள் தேடுவதாகத் தெரிந்தது. மணலி போகும் வழியில் ஒரு கன்டெய்னர் யார்டு. தங்கள் பெட்டி வந்துவிட்டதா, எந்த வரிசையில் நிற்கிறது என்று பார்ட்டிகள் போனில் கேட்பார்கள். கம்ப்யூட்டரில் தேடிச் சொல்ல வேண்டும். அக்காவுக்கென்றே செய்த வேலை. மேனேஜர் ஆறுமுகநயினார் போனில் அக்காவின் பேச்சைக் கேட்டே பாதி சம்மதித்துவிட்டார். "உங்க மிஷினையே கொண்டாங்கம்மா. எங்க ஆளு ஃபைலை அதுல போட்டுக் குடுப்பாரு. நாலு பேரு கேக்குத மாதிரி கேப்போம், நீங்க பாத்துச் சொல்லுங்க. சரியா வந்துச்சுன்னா ஒண்ணாந்தேதிலேர்ந்து வந்திருங்க" என்றார்.

அன்றைக்கு எனக்கு செமஸ்டர் பரீட்சை. நான் கூடப் போகவில்லை. நடந்ததை அக்காவும் அண்ணனும் பின்னால் சொன்னார்கள்.

காலையில் கரண்ட் இல்லை. மின் நிலையத்தின் புகைபோக்கி வாசலில் நின்றாலே தெரியும், வீட்டில் கரண்ட் இருக்காது, அங்கே அது சகஜம். லேப்டாப்பின் பேட்டரியோ கிழடு, அரை மணி நேரம் தாங்கினாலே பெரிது. அதனால் அக்கா அதைத் திறந்து பார்க்காமலே எடுத்துக்கொண்டார். அண்ணன் அடைப்பான்களை உருவிவிட்டு லேப்டாப்பை உறையில் போட்டார். ஷேர் ஆட்டோ ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. "சீக்கிரம் வாய்யா, அவன் போயிடுவான்" என்று அக்கா வாசலில் இருந்து கத்திக்கொண்டிருந்தார்.

யார்டு ஆபீஸில் லேப்டாப்பை மேசையில் வைத்து, சுவரில் செருகி, ஆன் செய்தார். வழக்கமாக வரும் முதல் சத்தம் வரவில்லை. காத்திருந்தார். கடவுச்சொல்லைத் தட்டினார். அமைதி. பேசும் மென்பொருளைப் புதிதாகக் கிளப்பும் விசைகளைத் தட்டினார், ஒலியை ஏற்றும் விசையை அழுத்திப் பிடித்தார். அமைதி.

"மிஷின் ஓடுதும்மா" என்றார் அங்கே கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும் ஆன்றோ. "எல்லாம் ஸ்க்ரீன்ல கரெக்டா வருது."

"சத்தம் வர்ல சார். மியூட்ல கீதான்னு கொஞ்சம் பாருங்க."

ஆன்றோ நல்ல மனுஷன்தான் போலிருக்கிறது. லினக்ஸைப் பார்த்ததில்லை என்றாலும் யார்டு ஃபைலை அதில் போட்டுத் திறந்து வைத்தார், ஒலியமைப்புப் பக்கத்தையும் தேடித் திறந்து பார்த்தார். "மியூட்ல இல்ல. வால்யூம் ஃபுல்லா இருக்கு. ஸ்பீக்கர் போயிருக்கும்."

"ஒரு ஹெட்போன் இருந்தா குடுக்கறீங்களா சார்? அதுல கேட்டே பதில் சொல்லிடுவேன்."

"ஆபீஸ்ல யாரும் ஹெட்போன் கொண்டு வரக்கூடாதும்மா. போன் அடிச்சா கேக்காதுன்னு ரூல் போட்டிருக்கு."

மேனேஜர் இவ்வளவு நேரமும் பொறுமையாக நின்றிருந்தார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்று அக்காவே சொன்னார். ஆனாலும் அவர் சொன்னது இதுதான்: "சத்தம் வராட்டா போகட்டும்மா. அதான் ஸ்க்ரீன்ல எழுத்து நல்லாத் தெரியுதே. அதப் பாத்தே சொல்லுங்களேன்."

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்திருக்க வேண்டும், தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

அக்கா, "பாத்தே சொல்றதுன்னா நான் இன்னாத்துக்கு சார் இந்தப் பொட்டியத் தூக்கினு வரேன்" என்று சிரித்துக்கொண்டே கேட்டாராம். யாரும் சிரிக்கவில்லை. "சரிம்மா, சரி பண்ணிட்டு சொல்லுங்க, பாக்கேன்" என்று அனுப்பிவிட்டார்கள்.

பரீட்சை முடிந்த மறுநாள் மதியம் அத்திப்பட்டுக்கு ஓடினேன். அண்ணன் வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்தார். அக்கா லேப்டாப்பை என் பக்கம் தள்ளி, "பாரு நைனா, உன் தோஸ்துக்குத் தொண்ட கட்டிக்கிச்சி" என்றார். பேச்சில்தான் கிண்டல். கை சேலை முந்தானையைச் சுருட்டிக்கொண்டே இருந்தது.

கமாண்ட் தட்டும் டெர்மினலைத் திறந்தேன். சவுண்ட் கார்டை லினக்ஸ் கண்டுபிடித்திருக்கிறதா என்று பார்த்தேன், கண்டுபிடித்திருந்தது. ஒலியைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸரைத் திறந்தேன். ஒலி ஒவ்வொன்றுக்கும் ஒரு கம்பம் அதில் நிற்கும். கம்பத்தின் அடியில் இரண்டு எம் எழுத்து இருந்தால் அடைத்திருக்கிறது என்று பொருள், இரண்டு சைபர் இருந்தால் திறந்திருக்கிறது. எல்லாவற்றிலும் சைபர்தான். கம்பங்கள் உச்சி வரை நிமிர்ந்து நின்றன. சோதனைச் சத்தத்தை ஓட்டினேன். ஓடுகிறது என்று திரை சொன்னது, காதில் ஒன்றும் விழவில்லை. பழைய லினக்ஸ் சிடியைப் போட்டு அதிலிருந்து கிளப்பிப் பார்த்தேன், அதுவும் ஊமை. அப்படியென்றால் கோளாறு லினக்ஸில் இல்லை. சிடியை எடுத்துவிட்டுப் பழையபடி கிளப்பினேன்.

"ஸ்பீக்கர் அவுட்டா?" என்றார் அண்ணன்.

"தெரியலண்ணே. ஹெட்போன்ல வருதான்னு பாத்துடுவோம்" என்று என் செல்போனின் ஹெட்போனை எடுத்துச் செருகினேன். பாதியில் நின்றது. அழுத்தினேன். போகவில்லை.

"குடு இங்க." அக்கா வாங்கி, தானே செருகி, விரலால் தடவிப் பார்த்தார். "முழுசா போவல. உள்ள இன்னாவோ கீது."

டார்ச் அடித்தேன், ஒரே இருட்டு. அக்கா சேலையில் இருந்த ஊக்கைக் கழற்றித் தந்தார். உள்ளே விட்டு மெதுவாக நிமிண்டினேன். கறுப்பாக ஒரு துணுக்கு வந்து மேசையில் விழுந்தது. அதைச் சுற்றிக் கொஞ்சம் பஞ்சு.

அந்தக் கணமே லேப்டாப் மூக்கடைத்த குரலில் பேச ஆரம்பித்தது.

ஹெட்போன் ஓட்டைக்குள் ஒரு சின்ன உலோக நாக்கு இருக்கும். ஹெட்போன் நுழைந்தால் அது நகரும். உடனே ஸ்பீக்கர் தானாக அடைந்துவிடும். உள்ளே போனது ஹெட்போனா தீக்குச்சியா என்று அதற்குத் தெரியாது. எரிந்த குச்சி கரி மாதிரி பொடுக்கென்று உடையும். அவசரத்தில் உருவியபோது நுனி பஞ்சோடு உள்ளே நின்றுவிட்டது.

நான் இதை ஆர்வமாக விளக்கிக்கொண்டே போனேன். கோளாறு பிடிபட்ட சந்தோஷம் எனக்கு. பாதியில்தான் அண்ணனைப் பார்த்தேன். மேசையில் கிடந்த அந்தத் துணுக்கை விரலால் உருட்டிக்கொண்டிருந்தார்.

"என்னுதுமே இது" என்றார்.

"கம்முனு கெட" என்றார் அக்கா. "இன்னாமோ வேணும்னு செஞ்ச மாறி."

"நான் தான உருவனேன்."

"நான் தான ஆட்டோ போயிடும்னு கத்தனேன். வுடுய்யா."

அண்ணன் எழுந்து வெளியே போனார். அக்கா யார்டு ஃபைலைத் திறந்தார், ஆன்றோ அதில் போட்டுக் கொடுத்தது அப்படியே இருந்தது. கன்டெய்னர் எண்கள் அந்த அதிவேகக் குரலில் சடசடவென்று கொட்டின. "கேளு நைனா, ஏதாவது ஒரு பொட்டி கேளு" என்றார். திரையைப் பார்த்து ஓர் எண்ணைச் சொன்னேன். நான் சொல்லி வாயை மூடவில்லை, வரிசையும் அடுக்கும் வந்துவிட்டது. இன்னொன்று கேட்டேன். இன்னொன்று. பிறகு கேட்பதை நிறுத்திக்கொண்டேன். அவர், "இன்னா, பார்ட்டி லைன்ல இல்லியா?" என்றார்.

தெருமுனைக்குப் போய் மேனேஜருக்கு போன் போட்டேன். குச்சி, ஓட்டை, எல்லாம் சொன்னேன்.

"ஆளு போட்டாச்சு தம்பி. நேத்தே" என்றார்.

"சார், சரி பண்ணிட்டு வரச் சொன்னீங்களே. ஒரு சின்ன குச்சி சார்."

"இன்னைக்குக் குச்சி, நாளைக்கு இன்னொண்ணு. பார்ட்டி லைன்ல நிக்க மாட்டாம்லா."

"உங்க ஆபீஸ்ல எந்தக் கம்ப்யூட்டரும் நின்னதே இல்லையா சார்?"

"நிக்கும். கண்ணு தெரிஞ்சவன் பக்கத்து மிஷின்ல போய் உக்காந்துக்கிடுவான். கோவப்படாதீங்க தம்பி, நெலமையச் சொல்லுதேன்." வைத்துவிட்டார்.

திரும்பி வந்து சொன்னபோது அக்கா தலையை ஆட்டினார், அவ்வளவுதான். அண்ணன்தான், "எத்தன பேரு ஆபீஸ்ல கம்ப்யூட்டரு பேஜாராவுது. அதுக்கெல்லாம் ஆள மாத்தறானுங்களா?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து அண்ணன் லேப்டாப்பைத் தொடுவதில்லை. அடைப்பான்களை எல்லாம் அடுப்பில் போட்டுவிட்டார். "இன்னொரு தபா அதுல கை வெக்க மாட்டேன்" என்றார். அக்கா கெஞ்சினார், திட்டினார். தானே துணி சுற்றிப் பார்த்தார், ஆனால் சாம்பல் எங்கே படிகிறது என்று கண்ணால் பார்த்து அடைக்கும் அண்ணனின் கைப்பக்குவம் அதில் வரவில்லை. வீட்டில் சாவித் துவாரம், ரேடியோ, கூரை எல்லாம் முன்போலவே அடைத்திருந்தன. லேப்டாப் மட்டும் திறந்து கிடந்தது.

முதலில் விசைகள் நறநறத்தன. பிறகு உள்ளே சூட்டைத் தணிக்கும் காற்றாடி இரைய ஆரம்பித்தது. அந்த இரைச்சலில் குரல் அமுங்குகிறது என்று அக்கா வேகத்தைக் குறைத்தார், பிறகு இன்னும் குறைத்தார். வேறு இடங்களுக்கு எழுதிப் போட்டுக்கொண்டேதான் இருந்தார். மழைக்காலத்துக்கு முன் ஒருநாள் கூப்பிட்டார். போய் லேப்டாப்பின் அடிப்பகுதியைக் கழற்றினேன். உள்ளே முகப்பவுடர் கொட்டி வைத்தது போல் சாம்பல். கடல் ஈரத்தில் அது மின்சுற்றுப் பலகையோடு சேர்ந்து இறுகியிருந்தது. பிரஷ்ஷால் தட்டி, ஊதி, துடைத்து, மூடி, ஆன் செய்தேன், திரை இருட்டாகவே இருந்தது. எந்த கமாண்டாலும் அதைச் சரிசெய்ய முடியாது என்று எனக்குத் தெரியும், இருந்தும் விசைகளைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

லட்சுமணன் அண்ணன் வாசலில் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அக்கா காதைக் கீழே கொண்டுவந்து கேட்டார். "இன்னா சொல்லுது நைனா?"

"ஒண்ணும் சொல்லலக்கா."